சமூக விசாரணை அறிக்கை: அந்த 15 நாளில் எங்கே கோட்டை விடுகிறோம்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ 1098 குழந்தைகள் உதவி மையத்திலோ வேலைக்குச் சேர்கிறவர்கள், மீட்புக்குத்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வருகிறார்கள். செங்கல் சூளை, பனியன் கம்பெனி, பேருந்து நிலையம், நள்ளிரவு போன். அதெல்லாம் உண்டுதான். ஆனால் மீட்பு ஒரு நாள் வேலை. கூடப் போலீஸ் இருக்கும், வருவாய்த் துறை இருக்கும், தொழிலாளர் துறை இருக்கும். அதற்குப் பிறகுதான் தனியாளாகச் செய்ய வேண்டிய வேலை வருகிறது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்று குழந்தை நலக் குழு முடிவெடுப்பதற்கு, வீட்டை விசாரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் பிரிவு 36 இதற்குத் தருவது 15 நாள். குழந்தை முதலில் ஆஜரான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் குழு இறுதி ஆணை போட வேண்டும். நாம் எழுதும் தாளுக்குப் பெயர் படிவம் 22, அதாவது சமூக விசாரணை அறிக்கை. வழக்குப் பணியாளர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் என்று பதவி எதுவானாலும், இந்தப் பணியில் நேரும் தவறுகளில் பெரும்பங்கு இந்தத் தாளில்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். நடுவர் நீதிமன்ற அதிகாரம் உண்டு. ஆனால் அவர்கள் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை, அந்த வீட்டுக்குள் போனதில்லை. ஒரே அமர்வில் பத்துக் கோப்பு காத்திருக்கும்போது, நாம் எழுதியதை நம்பித்தான் கையெழுத்து விழும்.

முதல் 24 மணி நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயண நேரம் போக 24 மணிக்குள் குழந்தையை ஆஜர்படுத்த வேண்டும். ஆகவே வண்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். குழு அமராத நாளென்றால் தனி உறுப்பினர் ஒருவர் முன் ஆஜர்படுத்தச் சட்டத்தில் இடமுண்டு. ஞாயிற்றுக்கிழமை என்று குழந்தையைக் காவல் நிலையப் பெஞ்சில் உட்காரவைக்கத் தேவையில்லை. கூடவே வந்த தம்பி தங்கையைப் பற்றி, ஆஜர்படுத்தும்போது கொடுக்கும் படிவம் 17-லேயே எழுதிவிட வேண்டும். பையன்கள் இல்லம் ஓர் ஊரில், பெண்கள் இல்லம் இன்னோர் ஊரில், சின்னது வேறெங்கோ என்று பிரிந்துபோனால் திரும்பச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பையில் எப்போதும் ஒரு செட் உடுப்பு, செருப்பு, நாப்கின், பிஸ்கட் இருக்கட்டும். இதற்கென்று பணம் உடனே கிடைக்காது.

இனி 15 நாள் கணக்கு. பார்க்க நிறைய நாள் மாதிரி இருக்கும். அதில் இரண்டு ஞாயிறு போகும். குழு அமர்வு, கோர்ட், ஆய்வுக் கூட்டம் என்று நான்கைந்து நாள் போகும். வீடு பக்கத்து மாவட்டத்தில் இருந்தால், அங்குள்ள அலகுக்குக் கடிதம் எழுதி அவர்கள் விசாரித்து அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்தாம் நாள் அனுப்பினால் அறிக்கை முப்பதாம் நாள் வரும். முதல் நாளே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அன்றைக்கே போனிலும் சொல்லிவிடுவதுதான் ஒரே வழி. பொங்கல் முடிந்தால் குடும்பத்தோடு சூளைக்கோ கரும்பு வெட்டவோ போய்விடும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே போய்ப் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு 'பெற்றோர் இல்லை' என்று எழுதுவது பெரிய தப்பு. எழுதிய மறுநிமிடம் அந்தக் குழந்தை கோப்பில் கைவிடப்பட்ட குழந்தை ஆகிவிடும். எந்த மேஸ்திரி அழைத்துப் போனார், எந்த ஊர்ச் சூளை, முன்பணம் எவ்வளவு வாங்கினார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீட்டு விசாரணைக்கு அரசுப் பெயர்ப்பலகை மாட்டிய ஜீப்பில் போகாதீர்கள். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருமுனையில் நின்று வழி கேட்காதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் பிரிவு 74 தடுக்கிறது என்று பத்திரிகைக்காரர்களுக்கு நாம்தான் பாடம் எடுக்கிறோம். தெரு முழுக்கத் தெரியும்படி போய் நிற்பதும் நாம்தான். டூவீலரில் போய், அங்கன்வாடி அக்காவிடமோ தலைமை ஆசிரியரிடமோ தொடங்கி, வீட்டுக்குள் போன பிறகு அட்டையைக் காட்டினால் போதும். அக்கம்பக்கத்தில் கேட்கும்போது அந்த ஒரு வீட்டை மட்டும் கேட்காமல் நான்கு வீட்டைப் பற்றிப் பொதுவாகக் கேளுங்கள்.

காலை 11 மணிக்குப் போனால் பாட்டி மட்டும் இருப்பார், 'எல்லாம் நல்லாத்தான் சாமி இருக்கோம்' என்பார். நாமும் எழுதிக்கொண்டு வந்துவிடுவோம். மாலை 6 மணிக்கு மேல் ஒரு முறை, சொல்லாமல் இன்னொரு முறை. குறைந்தது இந்த இரண்டு இல்லாமல் அறிக்கை எழுதக் கூடாது. சட்டம் இப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இரவில் யார் வீட்டில் இருக்கிறார், குடித்துவிட்டு வருகிறவர் எத்தனை மணிக்கு வருகிறார், குழந்தை எங்கே படுக்கிறது, அந்த அறைக்குக் கதவு உண்டா, தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா, கழிப்பறை வீட்டிலா வெட்டவெளியிலா, 'சித்தப்பா' என்று சொல்லப்படுகிறவர் உண்மையில் யார். இதெல்லாம் பகலில் போனால் தெரியாது.

கடனைக் கேளுங்கள். படிவத்தில் வருமானத்துக்கு ஒரு கட்டம் உண்டு, அதில் நாலு இலக்கத்தில் ஏதோ எழுதிவிடுகிறோம். பிள்ளை ஏன் வேலைக்குப் போனது என்பதற்குப் பதில் அந்தக் கட்டத்தில் கிடைக்காது. மகளிர் குழுக் கடன் எத்தனை ஓடுகிறது, வாரத்தில் எந்தக் கிழமை தவணை, தவணை தவறினால் வீட்டு வாசலில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று கேட்டால்தான் கிடைக்கும். இதோடு பள்ளி வருகைப் பதிவேட்டைச் சேர்த்துப் பாருங்கள். ஆசிரியரிடம் 'பிள்ளை ஒழுங்கா வருதா' என்று கேட்டால் 'சுமாரா வரும் சார்' என்பார். மாதவாரியாக வருகை நாட்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் விடுப்பு என்றால் ஒரு காரணம், ஜனவரியில் தொடங்கித் தொடர்ந்து விடுப்பு என்றால் வேறு காரணம், எட்டாம் வகுப்பு அரையாண்டு வரை நூற்றுக்குத் தொண்ணூறு வந்த பெண் ஒரு தேதியிலிருந்து திடீரென்று வரவே இல்லை என்றால் அதற்கு முற்றிலும் வேறு காரணம். அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

குழந்தையிடம் பேசுவது தனிக் கலை. எடுத்த எடுப்பில் 'வீட்டுக்குப் போறியா?' என்று கேட்கக் கூடாது. இல்லத்துக்கு வந்து இரண்டு நாளான குழந்தை எவ்வளவு அடி வாங்கியிருந்தாலும் 'போறேன்' என்றுதான் சொல்லும். அதைக் 'குழந்தை வீட்டுக்குச் செல்ல விருப்பம் தெரிவித்தது' என்று எழுதினால் எழுத்தில் சரி, விஷயத்தில் தப்பு. ஒரு நாளைக் கேளுங்கள். காலையில் யார் எழுப்புவாங்க, யார் தலை சீவி விடுவாங்க, ஸ்கூல் விட்டு வந்ததும் வீட்ல யார் இருப்பாங்க, சாப்பாடு யார் போடுவாங்க, ராத்திரி பக்கத்துல யார் படுப்பாங்க. கடகடவென்று சொல்லிக்கொண்டே வரும் குழந்தை ஏதோ ஒரு நேரத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றும், இல்லை நகத்தைக் கடிக்கும். அங்கே நிறுத்துங்கள், தோண்ட வேண்டாம், நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வேறு நாள் வாருங்கள்.

'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி நாம் புகார் செய்தே ஆக வேண்டும். பேச்சைத் தொடங்கும்போதே, 'உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா சில பேர்கிட்ட சொல்ல வேண்டி வரும், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லுவேன்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சில குழந்தைகள் அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ளட்டும், ஏமாந்துபோன குழந்தை பிறகு எவரிடமும் பேசாது.

போக்சோ வழக்கில் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்பது நம் வேலை இல்லை. மகளிர் காவல் நிலையத்தில் கேட்டிருப்பார்கள், மருத்துவர் கேட்டிருப்பார், நடுவர் வாக்குமூலம் வாங்கியிருப்பார். நான்காவதாக நாமும் கேட்டு, வார்த்தை கொஞ்சம் மாறினால், விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுதான் பிடிமானம். குழந்தை தானாகப் புதிதாக ஏதாவது சொன்னால் நாம் கேட்ட கேள்வியையும் சேர்த்து, குழந்தையின் வாய்ச்சொல்லில் அப்படியே எழுத வேண்டும். 'மாமா கெட்டது பண்ணாரு' என்று சொன்னதை 'உறவினர் பாலியல் சீண்டலில் ஈடுபட்டார்' என்று திருத்தினால், அந்த 'கெட்டது' எதுவென்பது எப்போதைக்கும் தொலைந்துபோகும்.

குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டுக்காரர் என்றால், குழந்தையை அங்கிருந்து மாற்ற வேண்டுமா என்பதைக் குழு 3 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கின்றன போக்சோ விதிகள் 2020. நடைமுறையில் குழந்தையைத் தூக்கி இல்லத்தில் போடுவதுதான் சுலபமாக இருக்கிறது. குற்றம் செய்தவன் ஜாமீனில் வீட்டில் இருப்பான், பிள்ளை பள்ளியையும் தோழிகளையும் விட்டுவிட்டு இல்லத்தில் இருக்கும். தண்டனை யாருக்கு? ஆகவே தாயைப் பற்றிய பக்கத்தை அவசரமாக எழுதாதீர்கள். 'தாய் ஆதரவாக உள்ளார்' என்ற ஒற்றை வரி எதையும் சொல்வதில்லை. வாடகை யார் கட்டுகிறார், வீடு யார் பெயரில், தாயின் பிறந்த வீட்டார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், 'கேஸை வாபஸ் வாங்கு' என்று மாமியார் வீட்டில் நெருக்குகிறார்களா, அவர் சம்பாத்தியத்தில் ஒரு மாதம் ஓட்ட முடியுமா. இதற்கெல்லாம் பதில் இருந்தால்தான் பாட்டி வீட்டில் வைக்கலாமா, தாயோடு வேறு வீடு பார்க்கலாமா என்று குழு யோசிக்க முடியும். உணவு, போக்குவரத்து போன்ற அவசரச் செலவுக்கு அதே விதிகளில் சிறப்பு நிவாரணம் உண்டு. குழு பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் பரிந்துரை வரும், கேட்கிறவர்கள் குறைவு.

காதல் வழக்குகள் இன்னொரு தலைவலி. பதினாறு பதினேழு வயதுப் பெண், காணவில்லை என்று வீட்டார் புகார், ஒரு வாரம் கழித்துப் பையனோடு பிடிபடுவாள், பையன் மேல் போக்சோ. அவள் வீட்டுக்குப் போக மாட்டேன் என்பாள். பெற்றோர் குழு முன்னால் கும்பிட்டு அழுது, உறுதிமொழி எழுதிக் கொடுப்பார்கள். இங்கே படிவத்தில் உள்ள சாதிக் கட்டத்தை இயந்திரம் போல நிரப்பிவிட்டுப் போகிறோம். பெண் என்ன சாதி, பையன் என்ன சாதி, ஊரில் இதற்கு முன்பு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா, அண்ணனும் பெரியப்பா மக்களும் என்ன பேசிக்கொள்கிறார்கள், வீட்டுக்குப் போன மறுவாரம் வேறு கல்யாணத்துக்கு ஏற்பாடு இருக்கிறதா. இவற்றை வெளிப்படையாக எழுத வேண்டும். உறுதிமொழித் தாள் அடியையும் தடுக்காது, அரளி விதையையும் தடுக்காது. கல்யாண ஏற்பாடு என்று வாடை அடித்தாலே மாவட்ட சமூக நல அலுவலருக்குத் தகவல் போக வேண்டும். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான்.

வயதுச் சண்டை இல்லாத தொழிலாளர் மீட்பு கிடையாது. பிரிவு 94 சொல்லும் வரிசை: முதலில் பள்ளிச் சான்று அல்லது பொதுத்தேர்வுச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவச் சோதனை. ஆதார் இந்த வரிசையில் இல்லை. கம்பெனி மேனேஜர் முதலில் நீட்டுவதோ ஆதார்தான். பிறந்த தேதி 01-01 என்று இருந்தால் உஷாராகுங்கள். ஆண்டை மட்டும் வாயால் சொல்லிப் பதிந்த அட்டைகளில் இப்படித்தான் விழும். ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ படித்த பள்ளியின் பெயரைப் பிள்ளையிடமே கேட்டு, தலைமை ஆசிரியர் எண்ணைத் தேடிப் பிடித்து, சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் இரண்டு நாளில் முடியும் வேலை இது. எலும்புச் சோதனையில் இரண்டு வருடம் முன்பின்னாகலாம் என்று நீதிமன்றங்களே ஏற்றிருக்கின்றன; பதினாறு வயதுப் பையன் அதில் பதினெட்டு ஆகி மறுநாள் அதே கம்பெனிக்குத் திரும்புவான். மொழிபெயர்க்க அந்தக் கம்பெனி சூப்பர்வைசரையே உட்காரவைக்கும் கூத்தும் நடக்கிறது. அவர் முன்னால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

எழுதுவதைப் பற்றி. 'குடும்பச் சூழல் சரியில்லை, தாய் அக்கறையற்றவர்' என்பது தீர்ப்பு, விசாரணை அல்ல. 'தாய் காலை 5.30-க்கு மில் வண்டியில் போய் இரவு 7 மணிக்குத் திரும்புகிறார். இடைப்பட்ட நேரத்தில் 9 வயது மகள், 3 வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டிலிருந்து அங்கன்வாடி ஒன்றரை கிலோமீட்டர்' என்று எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தைப் படித்தால் பிள்ளை இல்லத்துக்குப் போகும். இரண்டாவதைப் படித்தால் தம்பிக்கு ஒரு ஏற்பாடு செய்தால் அக்கா பள்ளிக்குப் போய்விடுவாள் என்பது யாருக்கும் புரியும். பார்த்தது, பிறர் சொன்னது, நம் கருத்து மூன்றையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். பழைய அறிக்கையை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. நடுவில் ஒரு 'அவன்' மாறாமல் 'அவள்' கதைக்குள் நிற்கும்போது, குழுவுக்கு மொத்த அறிக்கையின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

வறுமைதான் காரணம் என்றால் பிள்ளையை வீட்டில் வைத்தே உதவ வழி இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனு சிக்குவது எப்போதும் காகிதத்தில்தான். ஏற்கெனவே வேறு எதற்கோ வாங்கிய வருமானச் சான்றில் ஒரு லட்சம் என்று இருக்கும். ஜீரோ பேலன்ஸ் கணக்கு இயக்கமில்லாமல் முடங்கியிருக்கும். அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று போதும். விட்டுவிட்டு ஓடியிருந்தால் விதவைச் சான்று கிடைக்காது, கணவனால் கைவிடப்பட்டவர் சான்றுக்கு இ-சேவையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டு விசாரணைக்குப் போகும்போதே இந்தத் தாள்களைப் போனில் படமெடுத்து வந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு கோப்பை மூடிவிடுகிறோம். முதல் வாரம் ஒரு போன், முதல் மாதம் ஒரு நேரடிப் பார்வை, ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) வைத்துப் பள்ளியில் ஒரு விசாரிப்பு. இவ்வளவாவது வேண்டும். கோடை விடுமுறையில் வேலைக்குப் போய் அப்படியே நின்றுவிடும் பிள்ளைகள்தான் திரும்ப நம்மிடம் வருகிறார்கள்.

வேலை பார்க்கிறவர் நிலைமையும் இதில் அடக்கம். அலகில் சமூகப் பணியாளருக்குத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய், புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. ஒப்பந்தப் பணி. மலைக் கிராமத்துக்குப் போக பெட்ரோல் பெரும்பாலும் சொந்தக் காசு, பில் பிறகு வரும், வராமலும் போகும். உள்ளூர்ப் பிரமுகர் போன் செய்து 'நம்ம பையன்தான், பார்த்து முடிச்சு விடுங்க' என்பார். 'எழுதிக் குடுங்கண்ணே, குழு முன்னாடி வச்சிடறேன்' என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் அடுத்த போன் வராது. மிரட்டல் வந்தால் அன்றைக்கே தேதி, நேரம், எண்ணோடு பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் தகவல். வாய்மொழியாகச் சொன்னது பின்னால் எதற்கும் உதவாது. சொந்த எண்ணைக் குடும்பங்களுக்குக் கொடுக்காமல் இரண்டாவது சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊதியத்தில் ஆட்கள் நிலைப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்தோ வேறு வேலை கிடைத்தோ போகிறவரோடு பாதி விஷயம் போய்விடுகிறது. கோப்பில் ஆணை இருக்கும், ஆணைக்குப் பின்னால் இருக்கும் விவரம் இருக்காது. போகிறவர் ஒவ்வொரு நடப்புக் கோப்பின் மேலும் அரைப்பக்கத் தாள் ஒன்றைக் குத்திவிட்டுப் போக வேண்டும். குழந்தை யாரிடம் பேசும், எதைப் பற்றிப் பேசாது. வீட்டில் நம்பத்தகுந்த ஆள் யார், போன் எடுக்கும் நேரம் எது. கோர்ட்டில் அடுத்த வாய்தா என்றைக்கு. பாதியில் நிற்கும் மனு எது, எந்த மேசையில் நிற்கிறது. குழந்தைக்கு நாம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம்: அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்கலாம், பரீட்சை எழுதலாம், சைக்கிளைக் கொண்டுவந்து தருகிறேன், எதுவாக இருந்தாலும். புதிதாக வருகிறவர் முதல் சந்திப்புக்கு முன்னால் படிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான், ஏனென்றால் குழந்தை கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.